வாய் சொல்கிறது, மனசு எங்கோ இருக்கிறது: நாம ஜபம் பற்றி வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், நாம ஜபம் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று இரண்டு வரி போட்டிருந்தேன். இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். சிலதுக்கு நீளமான பதில், சிலதுக்கு நாலு வரி, கேள்வி கேட்ட விதம் அப்படி.

கேள்வி: அம்மா, இருபது வருஷமாகக் காய் நறுக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் 'ராம ராம' என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். உண்மையைச் சொன்னால் வாய்தான் சொல்கிறது, மனசு பால் கணக்கிலும் பெண்ணின் கல்யாணத்திலும் இருக்கிறது. என் பையன், "டேப் ரெக்கார்டர் ஓடுகிற மாதிரிதானேம்மா, இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை. (வாசகி, மன்னார்குடி)

பதில்: உங்களுக்கும் பையனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். டேப் ரெக்கார்டருக்குத் தன் மனசு எங்கே போயிற்று என்று தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது, தெரிந்ததால் உறுத்துகிறது, உறுத்தியதால் கடிதம் எழுதினீர்கள். அந்த உறுத்தலையும் நாமம்தான் கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

சுந்தரர் கொடுமுடியில் பாடிய பதிகம் ஞாபகம் இருக்கிறதா? 'நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே' என்று முதல் பாட்டை முடிக்கிறார். நான் உன்னை மறந்துபோனாலும் என் நாக்கு சொல்லும் என்கிறார். நீங்கள் குறையாக எழுதி அனுப்பியிருக்கிற அதே நிலையை அவர் சுவாமி முன்னால் நின்று நிம்மதியாகப் பாடுகிறார், பாருங்கள். மனசு ஓடும், மறக்கும், அதை நம்பி உட்கார முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் நாக்கைப் பழக்கி வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் சந்தையிலிருந்து ராத்திரி திரும்பும் வண்டிக்காரர் பாதி வழியிலேயே தூங்கிவிடுவார், மாடு தானாக நடந்து அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். தினமும் நடந்த தடம் அதற்குத் தெரியும். உங்கள் நாக்கு இருபது வருஷமாக அந்தத் தடத்தில் நடந்திருக்கிறது.

பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் அஜாமிளன் கதை வருகிறது. நல்ல குடும்பத்தில் பிறந்து, ஒழுங்காக இருந்து, அப்புறம் வழி தவறி, திருட்டும் சூதுமாக எண்பத்தெட்டு வயது வரை வாழ்ந்தவன். சாகும் நேரத்தில் யம தூதர்களைப் பார்த்த பயத்தில், கடைசிப் பிள்ளையின் பெயர் நாராயணன் என்பதால் "நாராயணா!" என்று பிள்ளையைக் கூப்பிடுகிறான். உடனே விஷ்ணு தூதர்கள் வந்து தடுக்கிறார்கள். இவன் பெருமாளையா கூப்பிட்டான், பிள்ளையைத்தானே என்று நமக்குத் தோன்றுவது நியாயமான கேள்விதான். அதற்கு விஷ்ணு தூதர்கள், வேறு யாரையோ குறித்துச் சொன்னாலும், விளையாட்டாகச் சொன்னாலும், பாட்டில் இடம் நிரப்பச் சொன்னாலும், ஏளனமாகவே சொன்னாலும் நாமம் வீண் போகாது என்கிறார்கள். குழந்தை தெரியாமல் தொட்டாலும் நெருப்பு சுடும், குணம் தெரியாமல் சாப்பிட்டாலும் மருந்து வேலை செய்யும். இத்தனை பேருக்கு இடம் கொடுத்த சாஸ்திரம், பால் கணக்கை நினைத்துக்கொண்டு ராம ராம என்று சொல்கிற ஒரு அம்மாவையா தள்ளிவிடும்?

ஆனால் இந்தக் கதையைப் பாதியோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர், அதுதான் எனக்கு வருத்தம். அஜாமிளன் அந்த நிமிஷமே வைகுண்டம் போய்விடவில்லை. தூதர்கள் போனதும் பிழைத்து எழுந்து உட்கார்ந்து, தான் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்து அழுகிறான். வீட்டை விட்டு கங்கா துவாரத்துக்கு, இப்போது நாம் ஹரித்வார் என்கிற இடத்துக்குப் போய், புலன்களை அடக்கித் தியானத்தில் இருந்து, அதற்குப் பிறகுதான் கங்கைக் கரையில் உடம்பை விடுகிறான். தெரியாமல் சொன்ன ஒரு நாமம் அவனுக்குக் கொஞ்ச நாள் வாங்கிக் கொடுத்தது, அந்த நாளை அவன் தெரிந்து சொல்வதற்குப் பயன்படுத்திக்கொண்டான். நாம அபராதங்கள், அதாவது நாமத்துக்குச் செய்யும் குற்றங்கள், என்று பெரியவர்கள் பத்து சொல்வார்கள், அதில் ஒன்று, நாமம் இருக்கிறதே என்ற தைரியத்தில் பாவம் செய்வது. கடைசியில் ஒரு தடவை சொன்னால் போதும், அதுவரை எப்படியும் இருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் அஜாமிளனைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

ஆகையால் சமையலறை நாமத்தை நிறுத்தாதீர்கள், அது ஓடட்டும். கூடவே காலையில் பத்து நிமிஷம், கையில் வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து, யாரைக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துச் சொல்லிப் பாருங்கள். தியாகராஜ சுவாமிகள் தம் மனசைப் பார்த்து, தெரிந்து ராம சிந்தனையோடு நாமத்தைச் சொல் என்று பூர்ணசந்திரிகா ராகத்தில் கெஞ்சியிருக்கிறார். ராமா என்ற சொல்லுக்குப் பெண் என்றும் அர்த்தம் உண்டு, பரம்பொருள் என்றும் அர்த்தம் உண்டு. அர்க்கன் என்றால் சூரியன், அர்க்கம் என்றால் எருக்கஞ்செடி. எதை நினைத்துச் சொல்கிறாய் என்று அந்தப் பாட்டில் கேட்கிறார். பத்து நிமிஷம் நினைத்துச் சொன்னதன் ருசி, மீதி நேரம் நினைக்காமல் சொல்வதிலும் மெள்ள இறங்கும். பையனிடம் வாதம் வேண்டாம். அவன் உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

கேள்வி: ஒரு தடவை கூப்பிட்டால் கடவுளுக்குக் கேட்காதா? எதற்கு ஆயிரம் தடவை? மூச்சும் மனமும் சீராவதுதான் பலன் என்றால், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் அதே பலன் கிடைக்குமே. தவறாக எண்ண வேண்டாம், தெரிந்துகொள்ளவே கேட்கிறேன். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தம்பி, இதில் தவறாக எண்ண என்ன இருக்கிறது? நல்ல கேள்வி. மூச்சு சீராவது பற்றி நான் மறுக்கப் போவதில்லை. எந்தச் சொல்லையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் மனசு கொஞ்சம் அடங்கத்தான் செய்யும்.

ஆனால் உங்கள் கேள்வியில் நாமம் என்பது ஒரு தகவல் மாதிரி இருக்கிறது. போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது, மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. பக்தியில் நாமம் அப்படி வேலை செய்வதில்லை. அப்பர் திருவாரூரில் ஒரு பெண்ணைப் பற்றிப் பாடுகிறார், மெதுவாகப் படியுங்கள்: 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள், மூர்த்தி அவன் இருக்கும் வண்ணம் கேட்டாள், பின்னை அவனுடைய ஆரூர் கேட்டாள், பெயர்த்தும் அவனுக்கே பிச்சி ஆனாள்.' முதலில் பேர் மட்டும்தான் காதில் விழுகிறது. ஆள் எப்படி இருப்பான் என்று தெரியாது. பேரைக் கேட்டதும் நிறத்தைக் கேட்கத் தோன்றுகிறது, நிறத்தைக் கேட்டதும் ஊரைக் கேட்கத் தோன்றுகிறது. அப்புறம் அவன் மேல் பித்தாகி (பிச்சி என்றால் அதுதான்), அம்மா, அப்பா, ஊராரின் கட்டுப்பாடு எல்லாவற்றையும் விட்டு விலகி, 'தன்னை மறந்தாள், தன் நாமம் கெட்டாள், தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே' என்று பாட்டு முடிகிறது. அவனுடைய நாமத்தில் ஆரம்பித்து, தன்னுடைய நாமத்தைத் தொலைத்ததில் போய் முடிகிறது! நாம ஜபத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. மேஜை மேஜை என்று ஆயிரம் தடவை சொன்னால் மூச்சு சீராகலாம். மேஜையின் ஊர் எது என்று கேட்க ஆசை வராது.

எத்தனை தடவை என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் மேல் பிரியம் வைத்தவர்கள் அவர் பேரைக் காரணம் இல்லாமலே பத்து தடவை பேச்சில் இழுப்பார்கள். அவருக்குக் கேட்கவேண்டும் என்றா இழுக்கிறார்கள்? சொல்வதே சுகமாக இருக்கிறது. கோவிந்தபுரம் போதேந்திர சுவாமிகள் போன்ற நாம சித்தாந்தக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நாமமும் நாமத்துக்கு உரியவனும் வேறு வேறு இல்லை என்றார்கள். பேரைச் சொல்லும்போதே ஆள் வந்தாயிற்று, இனிமேல் வர வேண்டும் என்பதில்லை.

உங்களுக்கு ஆராய்ந்து பார்க்கிற புத்தி இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1907-ல் திருவண்ணாமலையில் காவ்யகண்ட கணபதி முனிவர், கோடிக்கணக்கில் ஜபம் செய்தும் தபஸ் என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை என்று ரமணரிடம் போய் விழுந்தார். ஒரு மந்திரத்தைச் சொன்னால் அதன் ஒலி எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்தால் மனம் அங்கேயே ஒடுங்கும், அதுவே தபஸ் என்று ரமணர் சொன்னார். தினம் ஐந்து நிமிஷம் அப்படிக் கவனித்துச் சொல்லிப் பாருங்கள். நம்பிக்கை அப்புறம் வரட்டும்.

கேள்வி: மாதவிலக்கு நாட்களில் நாமம் சொல்லலாமா? குளிக்கும் முன்னால் சொல்லலாமா? சாவுத் தீட்டு இருக்கும்போது? மாமியார் கூடாது என்கிறார். (வாசகி, மதுரை. இதே கேள்வியைப் பல ஊர்களிலிருந்து பெண்கள் கேட்டிருக்கிறார்கள்)

பதில்: சொல்லலாம். மூன்றுக்கும் அதுதான் பதில்.

மாமியார் சொல்வதற்கும் ஒரு அடிப்படை உண்டு, அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மந்திரம் வேறு, நாமம் வேறு. குருவிடம் உபதேசம் வாங்கி, நியாசம் (மந்திரம் சொல்லி அங்கங்களைத் தொடுவது), ஆசனம், நேரம் எல்லாம் பார்த்துச் செய்கிற மந்திர ஜபத்துக்குச் சுத்தம் பற்றிய விதிகள் உண்டு, அதை உபதேசம் கொடுத்தவர் சொன்னபடி செய்ய வேண்டும். ராமா, கிருஷ்ணா, கோவிந்தா, சிவ சிவா என்று கூப்பிடுவதற்கு அந்த விதி இல்லை. கலிசந்தரண உபநிஷத்தில் நாரதர் பிரம்மாவிடம் இதையே கேட்கிறார், இந்த நாமங்களுக்கு என்ன விதி என்று. விதி கிடையாது, சுத்தமாக இருந்தாலும் அசுத்தமாக இருந்தாலும் எப்போதும் சொல்லலாம் என்று பிரம்மா பதில் சொல்கிறார். வங்காளத்தில் சைதன்யரும், நாமத்தில் பகவான் தன் சக்தி முழுவதையும் வைத்துவிட்டு, நினைப்பதற்குக் கால நேரக் கட்டுப்பாடு எதுவும் வைக்கவில்லை என்று உருகியிருக்கிறார்.

இதெல்லாம் இருக்கட்டும், திரௌபதியை நினைத்துப் பாருங்கள். கௌரவர் சபைக்கு அவளை இழுத்து வந்தபோது அவள் ஒற்றை ஆடையில், மாதவிலக்கில் இருந்தாள். மகாபாரதம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. அந்த நிலையில்தான் "கோவிந்தா!" என்று கூப்பிட்டாள், புடவை வளர்ந்தது. பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசன பூஷணத்தில் சரணாகதிக்குச் சுத்தம், அசுத்தம் பார்க்க வேண்டாம் என்று காட்ட வந்தபோது, திரௌபதி குளித்துவிட்டா சரணாகதி செய்தாள் என்ற கருத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார். எழுநூறு வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஆசாரியர் நமக்காக எழுதி வைத்த வரி அது, இதற்கு மேல் யாருடைய அனுமதி வேண்டும்?

எனக்குப் பதின்மூன்று வயதில், மூன்று நாள் சுவாமி பேரைச் சொல்லாதே என்று வீட்டில் ஒருவர் சொன்னார். அழுதுகொண்டே பாட்டியிடம் போனேன். "மூச்சு விடுகிறாயா?" என்று கேட்டாள். விடுகிறேன் என்றேன். "அப்படியானால் சொல்லு" என்றாள்.

சாவுத் தீட்டு என்று கேட்டிருக்கிறீர்களே, திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள் வீட்டில் நடந்ததாகச் சொல்லப்படுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகப்பனாருக்குத் திதி, சமையல் ஆகிவிட்டது. தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த ஒருவர் பசியோடு வந்து நிற்கிறார். ஐயாவாள் திதிச் சாப்பாட்டையே எடுத்து அவருக்குப் போட்டுவிடுகிறார். ஊர்ப் பெரியவர்கள், கங்கையில் போய்க் குளித்து வந்தால்தான் தீட்டுப் போகும் என்கிறார்கள். ஐயாவாள் கங்கையைப் பாடுகிறார், வீட்டுக் கிணற்றிலேயே கங்கை பொங்கி வருகிறது. இன்றைக்கும் கார்த்திகை அமாவாசை அன்று அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளிக்க அவ்வளவு கூட்டம் வருகிறது. கங்கை யார் பக்கம் நின்றாள் என்பதை அந்தக் கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

கேள்வி: எங்களுடையது பரம்பரைச் சைவக் குடும்பம். எனக்கு என்னவோ ராம நாமத்தில்தான் மனம் போகிறது. அப்பா 'நமச்சிவாய' சொல்லாமல் இது என்ன என்கிறார். அதோடு, டிவியில் கடனுக்கு ஒரு நாமம், கல்யாணத்துக்கு ஒரு நாமம் என்று சொல்கிறார்களே, எதைப் பிடிப்பது? (வாசகர், காரைக்குடி)

பதில்: மனம் எதில் போகிறதோ அதைப் பிடியுங்கள். அப்பாவிடம் தியாகராஜர் சொன்னதைச் சொல்லலாம்: நாராயண மந்திரத்துக்கு உயிர் 'ரா', சிவ மந்திரத்துக்கு உயிர் 'ம', இரண்டும் சேர்ந்தது ராம. ரா போனால் நாராயணாய என்பது 'நாயணாய' ஆகிவிடும், கதி இல்லை என்று அர்த்தம். ம போனால் நமசிவாய 'நசிவாய' ஆகிவிடும், மங்களம் இல்லை என்று அர்த்தம். ஆகவே நீங்கள் ராம என்று சொல்லும்போது அப்பாவின் மந்திரத்தின் உயிரையும் சேர்த்தே சொல்கிறீர்கள். சற்று முன் சொன்ன ஐயாவாள் சிவ நாமத்தில் தோய்ந்தவர், போதேந்திரர் ராம நாமத்தில் தோய்ந்தவர், இருவரும் ஒரே காலத்தில் காவிரிக் கரையில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்து ஒருவரை ஒருவர் கொண்டாடியவர்கள். சிவ நாமத்தையும் விஷ்ணு நாமத்தையும் பிரித்துப் பார்ப்பது அந்தப் பத்து அபராதங்களில் ஒன்று. அப்பாவோடு உட்கார்ந்து ஐந்து நிமிஷம் 'நமச்சிவாய'வும் சொல்லுங்கள், அவர் மனசு குளிரட்டும்.

இரண்டாவது விஷயம். கஷ்டத்துக்காக நாமம் சொல்வது தாழ்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். துன்பப்பட்டவனும் பொருள் வேண்டியவனும்கூட என்னைத்தானே நாடி வருகிறார்கள் என்று கண்ணனே கீதையில் ஏற்றுக்கொள்கிறான். திருமங்கையாழ்வார் நாராயண நாமத்தின் பலனைச் சொல்லும்போது, குலம் தரும், செல்வம் தரும் என்று வெளிப்படையாகவே ஆரம்பிக்கிறார். ஆனால் அங்கேயே நிற்காமல், 'பெற்ற தாயினும் ஆயின செய்யும்' என்கிற இடத்துக்கு வந்துவிடுகிறார். டிவி நிகழ்ச்சி முதல் அடியோடு முடிந்துவிடுகிறது, அதுதான் கோளாறு. கடன் இருந்தால் அழுது கேளுங்கள், உங்களுக்குப் பழகிய அதே நாமத்தைச் சொல்லிக் கேளுங்கள். வாரம் ஒரு நாமம் மாற்றினால் எந்த நாமமும் நாக்கில் தங்காது.

கேள்வி: ஆபீசுக்கு எலெக்ட்ரிக் ரயிலில் போகும்போது விரலில் மாட்டுகிற கவுண்ட்டரில் எண்ணிக்கொண்டு சொல்கிறேன். எத்தனை சொன்னால் சரி? சத்தமாகவா, மனசுக்குள்ளா? (வாசகி, சென்னை)

பதில்: கவுண்ட்டர் தாராளமாக. துளசி மாலையோ ருத்திராட்ச மாலையோ இருந்தால் 108 மணி, நாயக மணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்ப வேண்டும், ஆள்காட்டி விரல் படக்கூடாது என்பது வழக்கம். ரயில் கூட்டத்தில் இதற்கெல்லாம் இடம் ஏது.

எண்ணிக்கை நமக்குத்தான். இன்றைக்கு விட்டுப்போயிற்று என்று தெரிய வேண்டுமே, அதற்கு. தியாகராஜர் தொண்ணூற்றாறு கோடி ராம நாமம் சொன்னார் என்பது பரம்பரையாக வரும் செய்தி. தினம் ஒன்றேகால் லட்சம் என்று இருபத்தோரு வருஷம் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வரும். கலிசந்தரண உபநிஷத் 'ஹரே ராம' மந்திரத்தை மூன்றரைக் கோடி சொல்லச் சொல்கிறது. தினம் ஆயிரம் சொன்னால் அதற்குத் தொண்ணூற்றாறு வருஷம் ஆகும்! இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஆயுசு முழுவதும் சொல்லிக்கொண்டிரு என்பதைத்தான் கணக்கு வடிவில் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு 108-ல் தொடங்கலாம், மூன்று நிமிஷம்கூட ஆகாது.

சத்தமாகச் சொல்வதைவிட உதடு மட்டும் அசைவது உயர்ந்தது, அதைவிட மனசுக்குள் சொல்வது உயர்ந்தது என்று மனு ஸ்மிருதி பத்து, நூறு, ஆயிரம் என்று மடங்கு போட்டுக் காட்டுகிறது. ரமணரும் உபதேச உந்தியாரில் இதே வரிசையைத்தான் சொல்கிறார். ஆனால் சைதன்யரின் அடியார் ஹரிதாசர், தினம் மூன்று லட்சம் நாமம் சொன்னவர், உரக்கவே சொல்வார். ஏன் என்றால், மரமும் பறவையும் விலங்கும் தாங்களாகச் சொல்ல முடியாது, காதால் கேட்டாவது பலன் பெறட்டும் என்றார். ரயிலில் உதடு அசைந்தால் போதும், வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: கோவிந்தபுரத்தில் மண்ணுக்கு அடியிலிருந்து ராம நாமம் கேட்கும் என்கிறார்களே, உண்மையா? குடும்பத்தோடு போய்வர எண்ணம். (வாசகர், புதுச்சேரி)

பதில்: போய்வாருங்கள். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில், ஆடுதுறைக்கு முன்னால் இருக்கிறது. போதேந்திரர் காஞ்சி காமகோடி பீடத்தில் இருந்தவர். ஒடிசாவில் இருக்கிற பூரிக்குப் போய், லக்ஷ்மீதரர் எழுதிய நாம மகிமை நூலை அவர் குடும்பத்தில் கேட்டறிந்து, காவிரிக் கரைக்குத் திரும்பி வந்து நாமத்தைப் பரப்பினார். அவர் சித்தியடைந்த இடம் பின்னால் ஆற்று வெள்ளத்தில் மூழ்கி அடையாளம் தெரியாமல் போய்விட்டது. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வீரசோழன் ஆற்று மணலில் அங்கங்கே படுத்துக் காது வைத்துக் கேட்டு, ராம நாமம் கேட்ட இடத்தில் அடையாளம் வைத்து, தஞ்சை மராட்டிய அரசரின் உதவியோடு ஆற்றைத் திருப்பி அதிஷ்டானம் (சமாதிக் கோயில்) கட்டினார் என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. இப்போதும் கேட்கிறது என்பவர்கள் உண்டு. எனக்கு மண்ணிலிருந்து கேட்டதில்லை. ஆனால் அங்கே ராத்திரி பஜனை முடிந்து எல்லோரும் எழுந்துபோன பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன், என் வாய் மூடியிருந்தது, உள்ளே நாமம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே திருவிசநல்லூரையும் மருதாநல்லூரையும் பார்த்துவிட்டு வாருங்கள், எல்லாம் கும்பகோணத்தைச் சுற்றித்தான்.

கேள்வி: அப்பா போன மாதம் காலமானார். நாற்பது வருஷமாகத் தினம் காலையில் கண் விழிக்கும்போதே 'ரங்கா, ரங்கா' என்றுதான் எழுந்திருப்பார். கடைசிப் பதினோரு நாள் ஐ.சி.யூ.வில் வாயில் குழாய், நினைவும் இல்லை. காதில் சொல்லலாம் என்றால் உள்ளே நிற்க விடவில்லை. காரியத்துக்கு வந்த ஒரு உறவினர், "இத்தனை வருஷம் சொல்லியும் கடைசியில் வாயில் வரவில்லையே" என்றார். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. கீதையில் கடைசி நினைவுதான் அடுத்த கதி என்று இருக்கிறதே அம்மா, அப்பாவின் கதி என்ன? (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கீதையின் எட்டாம் அத்தியாயத்தில் அந்தச் சுலோகம் இருக்கிறது, சரிதான். அதற்கு அடுத்த சுலோகத்தை உறவினர் படிக்கவில்லை போலிருக்கிறது. 'ஆகையால் எல்லாக் காலத்திலும் என்னை நினை' என்று கண்ணன் சொல்கிறான். கடைசி நிமிஷம் யார் கையிலும் இல்லை என்பதால்தான் எல்லாக் காலமும் என்கிறான். உங்கள் அப்பா அதைத்தான் செய்திருக்கிறார்.

உங்கள் ஊர்ப் பெருமாளைப் பார்த்துத்தான் பெரியாழ்வார் இதைப் பேசினார். ஐ.சி.யூ.வும் குழாயும் இல்லாத காலம், ஆனால் சாவு எப்படி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது: 'எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்க மாட்டேன், அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன் அரங்கத்து அரவணைப் பள்ளியானே.' இளைப்பு வந்து என்னை வாட்டும்போது என்னால் உன்னை நினைக்க முடியாது, அன்றைக்குச் சேர்த்து இன்றைக்கே சொல்லி வைத்துவிட்டேன். முயற்சி செய்கிறேன் என்றுகூட அவர் சொல்லவில்லை. நினைக்க மாட்டேன் என்று பெருமாளிடமே ஒப்புக்கொள்கிறார். ஆழ்வாருக்கே முடியாது என்றால் மற்றவர்களை ஏன் அளந்து பார்க்க வேண்டும்? நாற்பது வருஷத்துக் காலைகள் பதினாலாயிரத்துக்கும் மேலே. அத்தனை தடவை உங்கள் அப்பா அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

இந்தப் பேச்சுக்குப் பெருமாள் தரப்பிலிருந்தும் பதில் இருக்கிறது. வராஹப் பெருமான் பூமிப் பிராட்டியிடம் சொன்னதாக வைணவர்கள் போற்றும் சரம சுலோகம். உடம்பும் மனசும் நன்றாக இருக்கும்போது என்னை நினைத்தவன், பிறகு கட்டையைப் போல, கல்லைப் போலக் கிடக்கும் அந்தக் கடைசி நேரத்தில், 'நான் அவனை நினைக்கிறேன், நானே அழைத்துப் போகிறேன்' என்கிறார். அவன் நினைக்க வேண்டும் என்று அங்கே இல்லை. உங்களை உள்ளே விடாத அந்த அறையில் அப்பா பக்கத்தில் யாரும் இல்லை என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். காதில் சொல்ல ஆள் இல்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம், அங்கே நினைத்தவர் வேறு.

உறவினர் பேசியதை விட்டுவிடுங்கள். அம்மாவைத்தான் கவனிக்க வேண்டும். நாற்பது வருஷம் அந்த 'ரங்கா' குரலில்தான் அவருக்குப் பொழுது விடிந்திருக்கிறது, ஒரு மாதமாக அது இல்லாமல் விடிகிறது. நாளைக் காலையில் எழுந்திருக்கும்போது நீங்கள் சொல்லுங்கள், அடுத்த அறையில் இருக்கிற அவர் காதில் விழுகிற மாதிரி.